செல்போன் ஏந்திய சித்திரகூடத்துப் பெண்கள்!

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி சொல்லுகிறார்கள்

சித்திரகூடம் என்றதும் நமக்கு ராமாயணம் நினைவுக்கு வரும். ராமரும் சீதையும் லட்சுமணரும் வனவாசத்தின்போது தங்கியிருந்த இடம் அது.

இன்று அந்தப் பெயரில் உத்தரப்பிரதேச மாநிலத்தில் ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே சில பெண்கள் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறார்கள். தோளில் ஒரு பை. கையில் ஒரு செல்போன். பஸ் போகும் இடம் வரை பஸ்சில் போவார்கள். பிறகு ஆட்டோ. ஆட்டோவும் போகாத ஊருக்கு நடைதான்.

யார் இவர்கள்? ஓட்டுக் கேட்க வந்தவர்களா? கணக்கெடுக்க வந்தவர்களா?

இல்லை. இவர்கள் நிருபர்கள்!

ஊரில் ரோடு இல்லையா? ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையா? ரேஷன் கடையில் அரிசி குறைகிறதா? செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். ஊர் மக்களைப் பேச வைக்கிறார்கள். அதிகாரியிடம் போய், "என்ன பதில்?" என்று கேட்கிறார்கள். மறுநாள் அதை நாடே பார்க்கிறது.

இவர்களில் பலர் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. சிலர் கல்யாணம் ஆன பிறகுதான் எழுத்துக் கற்றார்கள். இவர்கள் எப்படி நிருபர்கள் ஆனார்கள்? பேனா பிடித்த கை எப்படிச் செல்போன் காமிராவைப் பிடித்தது? அதுதான் இந்தக் கதை.

வறண்ட பூமி

சித்திரகூடம், பாந்தா, மகோபா, ஜான்சி முதலிய மாவட்டங்கள் சேர்ந்த பகுதிக்குப் புந்தேல்கண்டு என்று பெயர். பாதி உத்தரப்பிரதேசத்தில் இருக்கிறது. மீதி மத்தியப்பிரதேசத்தில் இருக்கிறது. மழை பொய்த்தால் அங்கே பிழைப்பு இல்லை. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு டில்லிக்கும் சூரத்துக்கும் கூலி வேலை தேடிப் போய்விடுவார்கள்.

சித்திரகூடத்துக் காடுகளில் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்களின் ஆட்சி நடந்தது. போலீசாருக்குப் பல ஆண்டுகள் தண்ணி காட்டிய ததுவா என்ற கொள்ளைக்காரன் 2007-ம் ஆண்டில்தான் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இப்படிப்பட்ட ஊரில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் குறைவு. சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவிடுவார்கள். பெண் வெளியே போவதே குற்றம். அவள் பத்திரிகை நடத்துவதாவது!

பெண் தபால்காரி

1989-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் "மகிளா சமாக்யா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. பாந்தா வட்டாரத்திலும் வகுப்புகள் நடந்தன. பெண்கள் அ, ஆ கற்பதுபோல் இந்தி எழுத்துக்களைக் கற்றார்கள்.

புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவர்கள் படிப்பதற்கு ஏற்ற புத்தகம் கிடைக்காது. குழந்தைப் பாடப் புத்தகத்தைப் பெரியவர்கள் எத்தனை நாள் படிப்பார்கள்? பெரிய பத்திரிகையை எடுத்தால் நடை புரியாது. படிக்காமல் விட்டுவிட்டால், கற்ற எழுத்தும் மறந்துபோகும்.

இதற்கு அந்தப் பெண்களே ஒரு வழி கண்டார்கள். தாங்கள் படிப்பதற்குத் தாங்களே ஒரு பத்திரிகை போட்டார்கள்! அதன் பெயர் "மகிளா டாக்கியா". பெண் தபால்காரி என்று அர்த்தம். ஊர்ச் செய்திகளைத் தங்கள் பேச்சு மொழியில் எழுதினார்கள். படம் வரைந்தார்கள். 1990-களில் அது வெளிவந்தது. பிறகு நின்றுபோயிற்று.

பத்திரிகை நின்றது. ஆனால் ருசி கண்ட பெண்கள் நிற்கவில்லை.

2 ரூபாய்ப் பத்திரிகை

2002-ம் ஆண்டு மே மாதம், சித்திரகூட மாவட்டத்தில் கர்வி என்ற ஊரிலிருந்து ஒரு புதிய பத்திரிகை வந்தது. அதன் பெயர் "கபர் லஹரியா". செய்தி அலைகள் என்று பொருள். பெண் கல்விக்காக டில்லியில் இயங்கும் "நிரந்தர்" என்ற நிறுவனம் துணை நின்றது. அந்தப் பகுதி மக்கள் பேசும் புந்தேலி மொழியில் பத்திரிகை அச்சாயிற்று.

செய்தி சேகரித்தவர்கள் பெண்கள். எழுதியவர்கள் பெண்கள். பக்கம் அமைத்தவர்கள் பெண்கள். பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், ஊர் ஊராக விற்றவர்களும் அவர்கள்தான்! விலை 2 ரூபாய்.

இவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். முஸ்லிம், பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பெண்களும் சேர்ந்தார்கள். மேல் சாதித் தெருவுக்குள் நுழைவதற்கே தயங்கிய குடும்பங்களில் பிறந்தவர்கள், அதே தெருவில் நின்று கேள்வி கேட்டார்கள்.

2004-ம் ஆண்டில் சிறந்த பெண் பத்திரிகையாளருக்கான சமேலி தேவி ஜெயின் விருது இவர்களுக்குக் கிடைத்தது. 2009-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் எழுத்தறிவுப் பணிக்காக அரசர் செஜோங் பரிசை வழங்கியது.

12 வயது மணப்பெண்

பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர் கவிதா தேவி. அவருக்கு 12 வயதில் கல்யாணம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தைப் பார்க்காத பெண். ஊரில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்துதான் படிக்கக் கற்றார். "மகிளா டாக்கியா"வில் எழுதினார். பிறகு "கபர் லஹரியா"வைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டமும் பெற்றார்.

இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்தில் உறுப்பினரான முதல் தலித் பெண் இவர்தான். 12 வயது மணப்பெண் ஆசிரியை ஆனார்!

செல்போன் வந்தது

2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நாட்டில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. ஜியோ கம்பெனி வந்தது. இணைய வசதியின் விலை மளமளவென்று இறங்கியது. பட்டிதொட்டி எங்கும் செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார்கள்.

"கபர் லஹரியா" பெண்களும் யோசித்தார்கள். அச்சுப் பத்திரிகையை எத்தனை பேர் படிக்க முடியும்? எழுத்துத் தெரிந்தவர்கள்தான் படிக்க முடியும். வீடியோ அப்படி இல்லை. கைநாட்டு வைக்கும் பாட்டிகூட அதைப் பார்க்கலாம். கேட்கலாம். சொந்த மொழியில் கேட்டால், ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

இணையதளம் 2013-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இப்பொழுது முழு மூச்சாக வீடியோவில் இறங்கினார்கள். 14 ஆண்டுகள் பேனாவும் நோட்டுப் புத்தகமுமாகச் சுற்றிய பெண்கள், செல்போனைக் கையில் எடுத்தார்கள். அச்சுப் பத்திரிகை நின்றது.

தொடவே பயம்!

சொல்லுவது எளிது. செய்வது அவ்வளவு எளிதாக இல்லை.

பல பெண்களுக்குச் சொந்தத்தில் செல்போன் கிடையாது. வீட்டில் போன் இருந்தால் அது புருஷனுடையது அல்லது மகனுடையது. பெண் தொட்டால், "கெட்டுப்போகும், வை!" என்று அதட்டு விழும். அப்படிப்பட்டவர்கள் கையில் புத்தம் புதிய போனைக் கொடுத்தால் என்ன ஆகும்? கை நடுங்கியது. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயம்!

போனில் வரும் எழுத்துக்களோ இங்கிலீஷ் எழுத்துக்கள். எனவே முதலில் ஏ, பி, சி, டி கற்க வேண்டியிருந்தது. வேறொரு தொல்லையும் உண்டு. சிலர் வீட்டில் மின்சாரமே இல்லை. போனுக்கு எங்கே சார்ஜ் போடுவது?

இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மீரா தேவி. 14 வயதில் கல்யாணம் ஆனவர். புகுந்த வீட்டில் இருந்துகொண்டே படித்தார். எம்.ஏ. பட்டம் பெற்றார். ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அடிமட்ட நிருபராக இருந்து தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர்.

மீராவிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் சியாம்களி. அதிகம் படிக்காதவர். போன் என்றாலே தயங்கியவர். மீரா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சியாம்களி தப்புத் தப்பாகச் செய்தார். மறுபடியும் செய்தார். ஒரு நாள் சொந்தமாகச் செய்தி பிடித்துக்கொண்டு வந்தார். நிருபர் ஆனார்!

கைப்பம்பும் காமிராவும்

வீடியோவில் செய்தி சொல்லுவது எப்படி? செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லோரும்தான் படம் பிடிக்கிறோம். அது செய்தி ஆகுமா?

ஆகாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஓர் ஊரில் கைப்பம்பு கெட்டுவிட்டது. பல மாதங்களாகத் தண்ணீர் இல்லை. நிருபர் அங்கே போகிறார்.

முதலில் தள்ளி நின்று ஊரைப் படம் பிடிக்க வேண்டும். தெரு, வீடுகள், நடுவில் கைப்பம்பு, சுற்றிலும் காலிக் குடங்கள். எந்த இடம் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். போனை ஆட்டக் கூடாது. பத்து வினாடியாவது அசையாமல் பிடிக்க வேண்டும்.

பிறகு கிட்டே போக வேண்டும். பம்பை அடிக்கும் கையைப் பிடிக்க வேண்டும். "கிறீச், கிறீச்" என்ற சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் வராத குழாய் வாயைக் காட்ட வேண்டும். இந்த மூன்று படமும் இருந்தால், "தண்ணீர் இல்லை" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பேட்டி. தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் பேச வேண்டும். எவ்வளவு தூரம் போகிறாய்? எத்தனை குடம்? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, தண்ணீருக்குப் போகிறதா? கேட்டுவிட்டு நிருபர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குறுக்கே பேசினால் பதிவு கெட்டுவிடும். காற்றடிக்கும் இடத்தில் நின்றால் குரல் கேட்காது. வெயிலுக்கு எதிரே நின்றால் முகம் கறுத்துப்போகும். இவை எல்லாம் கவனிக்க வேண்டும்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க வேண்டும். அதிகாரியைப் பார்க்க வேண்டும். அவர்கள் பதிலையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு தரப்பை மட்டும் காட்டினால் அது செய்தி ஆகாது; புகார் மனு ஆகிவிடும்.

கடைசியாக வெட்டி ஒட்டும் வேலை. அரை மணி நேரம் பிடித்த படத்தை மூன்று நிமிஷமாகக் குறைக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? சமையலில் உப்புப் போடுவது போன்ற வேலை இது. கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது.

கல்குவாரிப் பெண்

சுனிதா என்ற இளம்பெண்ணின் கதையைக் கேளுங்கள். மகோபா பக்கத்தில் கல்குவாரிகள் அதிகம். அனுமதி இல்லாமல் மலையை உடைக்கும் குவாரிகளும் உண்டு. சுனிதா சிறுமியாக இருந்தபோது அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்தவர். பிறகு "கபர் லஹரியா"வில் சேர்ந்தார். கல் சுமந்த இடத்துக்கே காமிராவுடன் திரும்பி வந்தார்!

குவாரியில் கல் சரிந்து தொழிலாளிகள் செத்தால், அதைப் படம் பிடித்தார். செத்தவர் வீட்டாரிடம் பேசினார். போலீஸ் அதிகாரியிடம் நேருக்கு நேர் கேள்வி போட்டார். சுற்றிலும் ஆண்கள் கூட்டம். நடுவில் ஒரே ஒரு பெண். அதிகாரிகளைக் கொஞ்சம் புகழ்ந்துவிட்டுக் கேள்வி கேட்கலாமே என்று ஆண் நிருபர்கள் உபதேசம் செய்தார்கள். சுனிதா சிரித்துக்கொண்டே தன் கேள்வியைக் கேட்டார்.

இவ்வளவு துணிச்சலான பெண்ணுக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. ஊரார் வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை கேட்டார்கள். கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்றார்கள். சுனிதா கல்யாணம் செய்துகொண்டார். வேலையை விட்டார். ஆனால் மனம் கேட்கவில்லை. பிறகு மறுபடியும் வேலைக்கு வந்தார்!

முகம் தெரிகிறதே!

அச்சில் எழுதும்போது நிருபரின் முகம் தெரியாது. வீடியோவில் முகம் தெரிகிறது. குரல் தெரிகிறது. இன்ன ஊர்ப் பெண், இன்னாருடைய மனைவி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் பெருமையும் உண்டு. ஆபத்தும் உண்டு.

வீடியோவில் முழுமூச்சாக இறங்குவதற்கு முன்பே இவர்களுக்குத் தொல்லை வந்தது. 2015-ம் ஆண்டில் முகம் தெரியாத ஓர் ஆள் பல மாதங்களாக நிருபர்களுக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசினான். நம்பரை மாற்றி மாற்றிப் பேசினான். மிரட்டினான். போலீசில் புகார் கொடுத்தும் முதலில் பலன் இல்லை. உடனே அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. பிறகு ஆள் பிடிபட்டான்!

தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரிந்தவர்கள், மற்றவர்களுக்கு நேர்ந்ததையும் சொன்னார்கள். கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் புகாரைப் போலீசார் பதிவு செய்யாமல் இருந்தார்கள். மீரா அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவள் சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்தார். நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய், "ஏன் வழக்குப் போடவில்லை?" என்று கேட்டார். இதைச் செய்வதற்குக் காமிரா மட்டும் போதாது. நெஞ்சில் துணிவும் வேண்டும்.

உலகம் பார்த்தது

இந்தப் பெண்களைப் பற்றி டில்லியைச் சேர்ந்த ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் என்ற இருவர் ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுத்தார்கள். பல ஆண்டுகள் கூடவே சுற்றி எடுத்தார்கள். மீரா, சுனிதா, சியாம்களி மூவரும் அதில் வருகிறார்கள். படத்தின் பெயர் "ரைட்டிங் வித் ஃபயர்". நெருப்பால் எழுதுவது என்று பொருள்.

2021-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு இரண்டு விருதுகள் கிடைத்தன. 2022-ம் ஆண்டில் ஆஸ்கார் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. முழுநீள டாக்குமெண்டரிப் பிரிவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் படம் அதுதான். பரிசு வேறொரு படத்துக்குப் போயிற்று.

இங்கேதான் ஒரு திருப்பம். ஆஸ்கார் விழாவுக்குச் சில நாட்கள் முன்பு "கபர் லஹரியா" ஓர் அறிக்கை விட்டது. படம் உள்ளத்தைத் தொடுகிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால், ஒரே ஓர் அரசியல் கட்சியைப் பற்றியே நாங்கள் எழுதிக்கொண்டிருப்பதுபோல் படம் காட்டுகிறது, அது சரியல்ல, எங்கள் கதையில் ஒரு பகுதிதான் அதில் வந்திருக்கிறது என்று சொன்னது.

உலகமே பாராட்டும்போது இப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பேசாமல் இருந்திருந்தால் புகழ் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் இவர்கள் தினமும் செய்யும் வேலை என்ன? எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான். விட்டுப்போன பகுதியால் முழு உருவமும் மாறிவிடும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களைப் படம் பிடித்தவர்கள், தாங்கள் படத்தில் வந்தபோதும் அதே நியாயத்தைக் கேட்டார்கள்.

அலை ஓயவில்லை

2 ரூபாய்ப் பத்திரிகையாகத் தொடங்கிய "கபர் லஹரியா"வின் யூடியூப் சேனலுக்கு இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். கவிதா தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடத்திப் பெண்கள் பிரச்சினை, சாதிப் பிரச்சினை, அரசியல் எல்லாவற்றையும் அலசுகிறார்.

செல்போன் இன்று நம் வீட்டிலும் இருக்கிறது. அதில் பாட்டுக் கேட்கிறோம். சிரிப்புப் படம் பார்க்கிறோம். அதே செல்போனைக் கொண்டு ஊர்க் குறையை எடுத்துச் சொல்லலாம் என்று சித்திரகூடத்துப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் காலேஜ் படிப்பு முதலில் வரவில்லை. விலை உயர்ந்த காமிராவும் வரவில்லை. முதலில் வந்தது ஒரு கேள்வி: "எங்கள் ஊர்ச் செய்தியை ஏன் யாரும் எழுதுவதில்லை?"

அந்தக் கேள்விக்கு அவர்களே பதில் ஆனார்கள். முதலில் எழுத்துக் கற்றார்கள். பிறகு எழுதினார்கள். பிறகு படம் பிடித்தார்கள். நாளைக்கு இன்னொரு புதுக் கருவி வந்தால் அதையும் கற்றுக்கொள்வார்கள்.

தொடுவதற்கே பயந்த விரல்கள்தானே இவ்வளவையும் செய்தன!